போட்டோவின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது?

காணும் பொங்கல் சாயங்காலம். மெரினாவில் பாட்டி சுட்ட சோளத்தைக் கடிக்கிறார். ஒரு கிளிக்! போனைப் பையில் போட்டுவிட்டு நாம் நடையைக் கட்டிவிடுகிறோம். கச்சேரி களைகட்டுவதே அதற்குப் பிறகுதான். கூகுள் போட்டோஸ் மாதிரி ஓர் ஆப் அந்தப் படத்தை எப்படிப் படிக்கிறது, எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று உள்ளே புகுந்து பார்த்தால், சத்தியமாகத் தலை கிறுகிறுக்கிறது. வாங்க, எட்டிப் பார்க்கலாம்!

முதலில் கோப்பின் தலைமாட்டுக்குப் போவோம். படத்தைப் படமாகத் திறக்காமல், ஹெக்ஸ் எடிட்டரில் வெறும் எண்களாகத் திறக்க வேண்டும். ஜேபெக் என்றால் தொடக்கம் எப்போதும் 'எஃப்எஃப் டி8'. அதை ஒட்டி, அந்த எண் காட்டுக்குள்ளிருந்து 'எக்ஸிஃப்' என்ற சொல் எழுத்தெழுத்தாகத் தலைகாட்டும். அங்கேதான் புதையல்! போனின் மாடல், ஷட்டர் திறந்திருந்த நேரம், '2024:01:17 17:42:08' என்று தேதிக்கு நடுவிலும் முக்காற்புள்ளி வைத்த ஒரு வரி. லொகேஷன் ஆன் செய்திருந்தால் 13 டிகிரி 3 நிமிடம் வடக்கு, 80 டிகிரி 17 நிமிடம் கிழக்கு என்று மெரினாவே அதில் இருக்கும். ஸ்டூடியோ படத்தின் முதுகில் பேனாவால் தேதியும் ஊரும் எழுதிவைப்பார்களே, அதே வேலை. 1990களில் ஜப்பானில் வகுத்த தரம் இந்த எக்ஸிஃப். இன்றும் உலகம் முழுக்க இதையே நம்பியிருக்கிறது.

இன்னொரு குட்டி ரகசியம். நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம், பல போன்களில் படுத்த வாக்கில்தான் சேமிக்கப்படுகிறது! பக்கத்தில் '6' என்று ஓர் எண். 'காட்டும்போது வலப்பக்கமாகத் திருப்பிக் காட்டு' என்று அதற்கு அர்த்தம். நாம் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் பாட்டி எழுந்து நிற்கிறார்.

இனி முகம். என்னை அடியோடு மயக்கியது இதுதான். பாட்டியின் பெயர் ஆப்புக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் எண்கள். கூகுள் ஆய்வாளர்கள் மூவர் 2015இல் வெளியிட்ட 'ஃபேஸ்நெட்' ஆய்வைப் பாருங்கள்: ஒரு முகம் மொத்தமும் வெறும் 128 எண்களாகச் சுருங்கிவிடுகிறது. அதற்குப் பயிற்சி கொடுத்த விதம் இன்னும் அழகு. ஒரே ஆளின் 2 படங்கள், வேறொருவரின் 1 படம் என மூன்று மூன்றாகக் காட்டினார்கள். ஒரே ஆளின் எண்கள் நெருங்கி வர வேண்டும், மற்றவருடையது விலகிப் போக வேண்டும். தப்பினால் திருத்து, மறுபடி காட்டு. இப்படிச் சுமார் 80 லட்சம் பேரின் முகங்கள்! கண்ணாடி போட்ட பாட்டியும் கழற்றிய பாட்டியும் ஒரே வட்டத்துக்குள் வந்து சேர்வது இப்படித்தான். சந்தேகம் வந்தால் 'இவரும் அவரும் ஒருவர்தானா?' என்று நம்மிடமே கேட்கிறதே, அப்போது இரண்டு முகங்களின் எண்கள் எல்லைக்கோட்டில் நிற்கின்றன என்று புரிந்துகொள்ளலாம்.

ஆப்பிள் இந்த வேலையைப் போனுக்குள்ளேயே செய்கிறது. எப்போது தெரியுமா? ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டு நாம் தூங்கும்போது! முகம் தெரியாமல் திரும்பி நின்றாலும் விடுவதில்லை. அதே நேரத்தில் எடுத்த மற்ற படங்களில் அதே சட்டை இருக்கிறதா என்று மேல்உடம்பையும் சேர்த்துப் பார்க்கிறது. 2021இல் அவர்களே விளக்கி எழுதினார்கள்.

ஒரே காட்சியை ஏழெட்டுத் தடவை தட்டிவைக்கும் நம் பழக்கத்துக்கும் மருந்து உண்டு. படத்தை 9-க்கு 8 கட்டமாக, கறுப்பு வெள்ளையில் குறுக்கிவிட்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எது பிரகாசம் என்று மட்டும் குறித்துக்கொள்வது ஒரு முறை. கிடைப்பது 64 ஆம்-இல்லைகள். இரண்டு படங்களுக்கு அவை கிட்டத்தட்ட ஒத்துப்போனால், கண் மூடின படத்தைத் தூக்கிவிட நம்மைக் கூப்பிடலாம். இவ்வளவு எளிதா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்.

கூகுள் 2020இல் சொன்ன கணக்கின்படி, கூகுள் போட்டோஸில் சேர்ந்திருந்த படங்கள் 4 லட்சம் கோடிக்கும் மேல். வாரத்துக்கு 2,800 கோடி புதிதாக வந்துகொண்டிருந்தன. அந்தக் கடலுக்குள் நம் சோளக்கதிர் தொலையாமல் கிடைக்கிறது!

ஆனால் ஒன்று. வாட்ஸப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால், படம் சுருங்குவதோடு அந்த எக்ஸிஃப் குறிப்பும் உதிர்ந்துவிடுகிறது. எடுத்த தேதி போய், நமக்கு வந்து சேர்ந்த தேதியில் படம் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே கல்யாண வீட்டில் யாராவது "போட்டோ அனுப்பட்டுமா?" என்றால், "டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று கேட்டு வாங்குங்கள். தாத்தாவின் 1974 கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால், கூகுள் போட்டோஸிலேயே தேதியைத் திருத்தும் வசதி இருக்கிறது. அந்தத் தேதி நினைவிருக்கிறவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு மாற்றிவிடுங்கள்.