உடலோடு இணைந்த இயந்திரம்

மனிதனும் இயந்திரமும் ஒன்றாகும் காலம் என்றவுடன் திரைப்படங்களில் வரும் ரோபோக்களே நம் நினைவுக்கு வருகின்றன. அதைக் காண அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. செபராங் ஜெயா மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மையங்களிலும் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் இரத்தச் சுத்திகரிப்பு, அதாவது டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். பொதுவாக இது வாரத்திற்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் நடைபெறுகிறது. கையிலிருந்து ஒரு குழாய் வழியே வெளியேறும் இரத்தம், வடிகட்டியில் கழிவும் மிகை நீரும் நீங்கியபின் மற்றொரு குழாய் வழியே உடலுக்குத் திரும்புகிறது. அந்நேரத்தில் நோயாளியின் சிறுநீரகம் கட்டிலுக்கு அருகில் நிற்கிறது என்றே சொல்லலாம்.

இதற்காக உடலும் மாற்றி அமைக்கப்படுகிறது. சிறு அறுவைச் சிகிச்சையின்மூலம் கையிலுள்ள தமனியையும் சிரையையும் மருத்துவர்கள் இணைக்கிறார்கள். நாளடைவில் அந்தச் சிரை விரிந்து தடித்து, பெரிய ஊசிகளைத் தாங்கும் வலிமை பெறுகிறது. அக்கையில் இரத்த அழுத்தம்கூடப் பார்ப்பதில்லை.

நலமான சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் உழைக்கிறது. இயந்திரமோ 12 மணி நேரமே உழைக்கிறது. எஞ்சிய நேரத்தை நோயாளியின் கட்டுப்பாடுதான் ஈடுகட்ட வேண்டும். குடிக்கும் நீருக்கும் அளவு உண்டு. பொட்டாசியம் மிகுந்த வாழைப்பழமும் இளநீரும் நமக்கு நல்லவை. அவருடைய இதயத் துடிப்பையோ அவை குலைத்துவிடலாம். தீபாவளிக்கு ஊருக்குச் செல்வதென்றாலும் சுத்திகரிப்பு நாளைப் பார்த்தே புறப்பட வேண்டும்.

உடலுக்குள்ளேயே தங்கிவிடும் இயந்திரமும் உண்டு. இதயம் மிக மெதுவாகத் துடிப்பவர்களுக்கு மார்பின் மேற்பகுதியில், தோலுக்கடியில் இதயமுடுக்கி பொருத்தப்படுகிறது. துடிப்பு தாமதமானால் அது மெல்லிய மின்தூண்டலை அனுப்பும். இதயம் தானே சீராகத் துடித்தால் சும்மா இருக்கும். எந்தத் துடிப்பு இதயத்தினுடையது, எது கருவியினுடையது என்பதைப் பெரும்பாலும் அவராலேயே பிரித்தறிய முடியாது.

சுவீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன் 1958-இல் உலகிலேயே முதன்முதலாக இக்கருவியை உடலுக்குள் பெற்றார். முதற்கருவி சில மணி நேரமே இயங்கியது. ஆயினும், இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001-இல் தமது 86-ஆம் வயதில்தான் அவர் மறைந்தார்.

உறுப்பாகவே மாறிவிட்ட இக்கருவியை உடலிலிருந்து பிரித்தாக வேண்டிய வேளையும் உண்டு. இதன் மின்கலம் கடும் வெப்பத்தில் வெடிக்கக்கூடும். ஆதலால், எரியூட்டும் வழக்கமுள்ள குடும்பத்தார் இதைப் பற்றி மருத்துவமனையிலும் மின்சுடலையிலும் முன்கூட்டியே தெரிவித்து, கருவியை அகற்றச் சொல்ல வேண்டும்.