நாற்றும் பூனையும் ஒரே வீட்டில்

தக்காளி, கத்தரி நாற்றுகள் 25 முதல் 30 நாளில் நடவுக்குத் தயாராகிவிடும். மிளகாய்க்கு இன்னும் சில நாள் கூடுதலாக வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் ஆபத்து பெரும்பாலும் இந்த ஒரு மாதத்தில்தான். தண்டு தடித்த பிறகு நாலு இலை போனாலும் செடி தேறிவிடும். இரண்டு இலைப் பருவத்தில் ஒரு மிதி மிதித்தால் அத்தோடு சரி. பூனையைத் திருத்தப் பார்ப்பதைவிட, இந்த ஒரு மாதம் நாற்றுத் தட்டுக்குக் காவல் போடுவது எளிது.

பூனை எதற்கு வருகிறது?

குழித்தட்டில் நாம் நிரப்பும் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் பொலபொலவென்று இருக்கும். தோண்டி, மலம் கழித்து, மூடிவிட்டுப் போக அதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. இளம் பச்சையை மெல்லுவதும் பூனையின் இயல்பு. போதாக்குறைக்கு, நாற்றுக்கு நாம் தேர்ந்தெடுக்கும் வெயில் விழும் ஜன்னலோரம்தான் அது படுத்துக்கொள்ளும் இடமும். மீன் அமிலம் தெளித்தால் நாமே அழைப்பு வைத்த மாதிரி. நாற்று நடவாகும்வரை அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தடுப்பு

காய்கறி கொண்டுவரும் பிளாஸ்டிக் கிரேட்டைத் தட்டின் மேல் கவிழ்த்து, மேலே ஒரு செங்கல் வைத்தால் போதும். வெளிச்சம் குறைவாகத் தெரிந்தால், கம்பியை வளைத்துக் கூடாரமாக்கிக் கொசுவலையைப் போர்த்தி, ஓரங்களை இறுக்கிக் கட்டலாம். வலை தளர்ந்து தொங்கினால் நகம் சிக்கும். அதுவே விளையாட்டாகவும் ஆகிவிடும். பிளாஸ்டிக் தாளால் மூடி வைக்காதீர்கள். உள்ளே ஈரம் தேங்கி நாற்றழுகல் வரும்.

மாற்று ஏற்பாடு

தடுத்தால் மட்டும் போதாது. அது தேடி வந்ததை வேறிடத்தில் கொடுக்கவும் வேண்டும். ஓர் அகலத் தொட்டியில் கோதுமையை நெருக்கமாக விதைத்தால், பத்து நாளுக்குள் முளைப்பாரி போல் எழும்பும். அதைப் பூனைக்கென்றே விட்டுவிடுங்கள். சோளம் விதைக்க வேண்டாம். அதன் இளம்பயிரில் சயனைடு நஞ்சு உண்டு. மலம் கழிக்கும் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருப்பது நல்லது. இன்னொரு ஜன்னலோரத்தில் பழைய துண்டை மடித்துப் போட்டால் படுக்கையும் தயார்.

செய்யக் கூடாதவை

அந்துருண்டை, பினாயில் இரண்டும் வேண்டாம். பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. காலில் ஒட்டியதை நக்கினாலே அதற்கு நஞ்சாகலாம். அந்துருண்டையும் அப்படித்தான். மிளகாய்ப் பொடி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். ஆரஞ்சுத் தோலின் வாசனை சில பூனைகளை விலக்கும். காய்ந்ததும் பயன் போய்விடும். ஆமணக்குப் புண்ணாக்கை உரமாகப் போடாதீர்கள். அதில் ரிசின் என்ற கொடிய நஞ்சு எஞ்சியிருக்கலாம்.

கடித்துவிட்டால்

தக்காளி, கத்தரி இலைகளில் நச்சு ஆல்கலாய்டுகள் உள்ளன. ஓரிரு கடி பெரும்பாலும் பெரிய கேடு செய்யாது. எச்சில் ஒழுகுதல், வாந்தி, சோர்வு தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அவை வளரும் தொட்டிகள் அதற்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

நாற்றுத் தட்டில் பூனை மலம் கழித்திருந்தால் அந்தக் கலவையைக் கொட்டிவிடுங்கள். பூனை மலத்தின் வழியே டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பரவலாம். மண்ணில் அது மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கருவுற்ற பெண்கள் இந்த வேலையைப் பிறரிடம் விடுவதே நல்லது.

நாற்றைத் தொட்டிக்கு மாற்றிய பிறகு கிரேட் வேண்டியதில்லை. தண்டைச் சுற்றிக் கூழாங்கல்லையோ தேங்காய் மட்டைத் துண்டுகளையோ நெருக்கமாகப் பரப்புங்கள். தோண்ட வழியில்லாத மண்ணில் பூனைக்கு நாட்டமில்லை. மண்ணின் ஈரமும் சீக்கிரம் காயாது.