எந்தச் சீமை நல்ல சீமை? மாரமங்கலத்தில் எழுந்த வினா

சேர்வராயன் மலையில், ஏற்காடு பஞ்சாயத்து யூனியனைச் சேர்ந்த மாரமங்கலம் கிராமத்தில் கிராம சபை கூடியிருந்தது. சாலை, குடிநீர் ஆகிய விஷயங்கள் பேசி முடிந்த பின்னர், பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு முதியவர் எழுந்தார். "ஐயா, மூத்த பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இளையவன் குடகுக்கு மிளகு பறிக்கப் போயிருக்கிறான். நிலத்தை விற்றுவிட்டுக் கீழே வந்துவிடு என்கிறார்கள் இருவரும். தாங்கள் பல ஜில்லாக்களைப் பார்த்தவர்கள். எந்தச் சீமை நல்ல சீமை என்று சொல்லுங்கள்" என்று கேட்டார். கூடியிருந்தோர் நகைத்தனர். ஆயினும் அது நகைத்துத் தள்ளத்தக்க வினா அன்று. அன்றைக்கு நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆதலின் இங்குச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐவகையாகப் பகுத்தனர். ஒவ்வொன்றுக்கும் உரிய தெய்வமும் தொழிலும் உணவும் கூறினரே அன்றி, இன்ன நிலத்தில் குடியேறுக என்று எங்கும் விதிக்கவில்லை. இக்காலத்தில் நாம் ஜில்லாக்களை வரிசைப்படுத்தி, முதலிடம், கடையிடம் என்று பேசப் பழகிவிட்டோம்.

முதலில் மழையையும் வெப்பத்தையும் பார்ப்போம். நமது மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 920 மில்லிமீட்டர். இதில் ஏறத்தாழப் பாதி, வடகிழக்குப் பருவக்காற்றினால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. அம்மழை பொய்த்தால் கடலோர ஜில்லாக்களில் அவ்வாண்டு வேளாண்மை தள்ளாடும். சேர்வராயன் மலையோ தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் மழை பெறுகின்றது. ஏற்காட்டுப் பகுதியில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் அளவில் பெய்கின்றது. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆகவே சித்திரை மாதத்தில் சேலத்தார் 38 டிகிரி வெயிலில் வாடும்போது மேலே 30 டிகிரிக்கு மிகாதிருத்தல் இயல்பே. மலைக்குள்ளும் ஊருக்கு ஊர் உயரம் வேறுபடுவதால் இவ்வளவுகள் சிறிது மாறும். பங்குனி, சித்திரையில் பெய்யும் கோடை மழையைப் பூமழை என்று காப்பி விவசாயிகள் எதிர்நோக்கியிருப்பர். அது தக்க காலத்தில் பெய்தால்தான் செடி ஒருசேரப் பூக்கும்.

இனி, கீழே இறங்கிப் பார்ப்போம். காவிரி டெல்டாவை மாநிலத்தின் நெற்களஞ்சியம் என்கிறோம்; தகுதியான பெயரே. ஆயினும் அக்களஞ்சியத்தின் சாவி உள்ளூரில் இல்லை. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படுவது வழக்கம். நீர் இருப்புப் போதாத ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். 2024-இல் ஜூலை 28-ஆம் நாள்தான் திறக்க முடிந்தது. கடலோரத்தாருக்கு வேறொரு அச்சமும் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2018 நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்தது. இவற்றுக்கெல்லாம் பிறகும் டெல்டா விவசாயி ஊரை விட்டு ஓடவில்லை, தென்னங்கன்று நட்டான்.

ராமநாதபுரம் சீமையில் மழை மாநிலச் சராசரியினும் குறைவு. எனினும் அங்குள்ளோர் பழங்காலத்திலேயே கண்மாய்கள் வெட்டி மழை நீரைத் தேக்கினர். ராஜசிங்கமங்கலம் கண்மாயை, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்பர். குறைந்த மழையில் வாழ்வது எவ்வாறு என்பதை நிறைந்த மழை பெறும் மலைக்காரர் கற்க வேண்டுமாயின் அச்சீமையைத்தான் பார்த்துவர வேண்டும். தருமபுரியின் குறை வேறு. அங்கு நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பற்களையும் எலும்புகளையும் கெடுத்து வந்தது. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாய் வழியே கொணரும் திட்டம் 2013-இல் செயலுக்கு வந்த பின்னரே நல்ல நீருக்கு வழி பிறந்தது.

முதியவரின் மூத்த மகன் இருக்கும் திருப்பூரைப் பற்றிச் சற்று அதிகம் சொல்ல வேண்டும். அங்கு வேலை உண்டு. வாரம் தோறும் கையில் கூலி உண்டு. இதை மறுப்பது நேர்மையாகாது. மலையில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை கார்த்திகையிலிருந்து மாசி வரைதான். சாமையும் கேழ்வரகும் உண்ணப் போதுமேயன்றி விற்றுப் பணம் காண முடியாது. எனவே இளைஞர் இறங்குவதில் வியப்பில்லை. ஆனால் கூலி என்னும் தொகையிலிருந்து வாடகையும், விலைக்கு வாங்கும் நீரும், அரிசியும் காய்கறியும் போன பிறகு எஞ்சுவது எவ்வளவு என்பதையும் எழுதிப் பார்க்க வேண்டும். அவ்வூர் நொய்யல் ஆறும் ஒரு பாடம். சாயக் கழிவு கலந்ததால், 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பாசனத்துக்கே உதவாமற் போயிற்று. முடிவில் 2011 ஜனவரியில், கழிவு நீரை முற்றிலும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறை மூடியபோது வேலையும் நின்றது. சென்னையைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய அதே நகரத்துக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் சென்றது.

இவ்வாறு கூறுவதால் மலையே சொர்க்கம் என்று நாம் வாதிப்பதாக எண்ண வேண்டா. ஏரியில் படகு விடும் ஏற்காடு வேறு. மாரமங்கலத்தின் சிற்றூர்கள் வேறு. ஜில்லாவின் சராசரிக் கணக்கில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பேறு காலத்துப் பெண்ணைச் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதாயின், ஏற்காடு சேர்ந்த பின்னரும் சுமார் 30 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருப்பதால் பெண் குழந்தைகளின் படிப்பு நின்றுவிடுகின்றது. காட்டெருமை இரவில் இறங்கி விளைந்ததை மிதிக்கின்றது. எழுத்தறிவில் கன்னியாகுமரி ஜில்லா 2011 கணக்கின்படி சுமார் 92 சதவீதம் எட்டியுள்ளது. அந்த நிலையிலிருந்து நம் மலை மிகவும் பின்தங்கியுள்ளது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

ஆனால் இக்குறைகளின் தன்மையைக் கவனியுங்கள். மழையையும் குளிர்ச்சியையும் எந்த யூனியனும் தீர்மானம் போட்டுப் பெற முடியாது. பள்ளியையும் பாதையையும் பெறலாம். அதற்குச் சட்டத்தில் வழியும் உண்டு. பலர் அறியாததால் இங்கு விளக்குகிறோம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, 2-ஆம் உட்பிரிவின்படி, பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாய விலைக் கடை, குடிநீர்க் குழாய், மின் கம்பி, சாலை முதலிய பொது வசதிகளுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த வன நிலத்தை ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. அதற்குக் கிராம சபையின் பரிந்துரை இன்றியமையாதது. சபை பரிந்துரைக்காவிடில் காரியம் தொடங்கவே தொடங்காது.

நிலம் பற்றியும் அச்சட்டமே பேசுகின்றது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வன நிலத்தில் உழுது வாழும் பழங்குடிக் குடும்பம், நான்கு ஹெக்டேர் வரையில் உரிமை கோரலாம். அவ்வுரிமை வாரிசுகளுக்குச் செல்லும், விற்க இயலாது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும். கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபையே. அக்கூட்டத்தில் உறுப்பினருள் பாதிப்பேராவது இருக்க வேண்டும். வந்தோரில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். ஆட்கள் குறைந்ததால் கூட்டம் கலைந்த நாட்களை நாம் கண்டிருக்கிறோம். இளைஞர் யாவரும் வெளியூரில் இருக்கும் ஊரில் பாதிப்பேரைச் சேர்ப்பது எளிதன்று. கோரிக்கைகளை அவர்கள் ஊர் திரும்பும் காலத்துக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

மேலும் ஒன்று. மலையாளிப் பெருமக்களின் மரபுக் கதையில், காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரருள் மூத்தவர் சேர்வராயன் மலையில் தங்கினார். மற்ற இருவர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் சென்றனர். இன்று சேலம் ஜில்லாவில் அவர்கள் அட்டவணைப் பழங்குடியினர். ஈரோடு ஜில்லாவின் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் பட்டியலில் இடம் பெறாமையால் அதை நெடுங்காலம் கோரி வந்துள்ளனர். ஒரே குலத்தார்க்கும் இடம் மாறினால் உரிமை மாறும். வெளியே செல்வோர் எங்கே, யாரிடம், என்ன வேலைக்கு என்பதைக் கேட்டுச் செல்ல வேண்டும் என்பதற்கும் கொடிய சான்று உண்டு. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகக் கூறப்பட்டு 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் திருவண்ணாமலை, தருமபுரி ஜில்லாக்களின் மலைக் கிராமத்தார்.

முதியவருக்கு நாம் பின்னர் கூறியது இதுதான்: மகன்கள் சம்பாதிக்கட்டும், அது தவறன்று. நிலத்தை மட்டும் விற்க வேண்டா. நிபந்தனைப் பட்டாவாயின் விற்பனை செல்லாமலும் போகலாம். ஓடைத் தலைப்பிலுள்ள சோலையை வெட்டாமல் காத்தால் ஊற்று நிற்கும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றினால் மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கும். குடகில் பிறர் தோட்டத்தில் பறிக்கும் கை, தன் தோட்டத்திலும் பறிக்குமே என்றோம். அவர் சிறிது நேரம் யோசித்தார். பின்பு, "அந்த விண்ணப்பத்தில் வீட்டுக்காரி பெயரையும் எழுத வேண்டுமா, ஐயா?" என்று கேட்டார். ஆம் என்றோம். மறுநாள் காலையில் மனைவியையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.