வற்றிய முலையும் இளஞ்சிவப்பு நாடாவும்: விழிப்புணர்வுப் பண்பாட்டின் மீது நோயாளர் நோக்கு

திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் தொடக்கம் ஒரு பெண்பேயின் உடல் வருணனை. அதில் முதலில் சுட்டப்பெறுவது வற்றிய முலை. பதிக முடிவில் காரைக்கால் அம்மையார் தம்மையே பேய் என்று கூறிக்கொள்கிறார். கணவன் பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்துப் பேயுரு வேண்டிப் பெற்றார் என்பது சேக்கிழார் தரும் விளக்கம். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுப் பரப்புரை முன்வைக்கும் பெண்ணுருவோ இதற்கு நேர்மாறானது: புன்னகைப்பது, மீண்டும் அழகு பெற்றது, வென்றது.

அவ்வுருவம் உருவான வரலாறு நோக்கத்தக்கது. அக்டோபர்த் திங்கள் விழிப்புணர்வுத் திட்டம் 1985-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும், டாமாக்சிபென் மருந்தைத் தயாரித்த இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் மருந்துப் பிரிவும் இணைந்து தொடங்கியது. நாடாவின் கதை இன்னும் கூர்மையானது. சார்லட் ஹேலி என்னும் அமெரிக்கப் பெண்மணி, நோய்த்தடுப்புக்கு அரசு கூடுதல் நிதி ஒதுக்கவேண்டும் என்று கோரும் அட்டைகளில் இளஞ்செம்மஞ்சள் நாடாக்களை இணைத்து வழங்கினார். வணிக இதழொன்று அதனைக் கேட்டபோது மறுத்துவிட்டார். 1992-இல் நிறம் மாற்றப்பெற்று இளஞ்சிவப்பு நாடா வந்தது. நிதிக் கோரிக்கை உதிர்ந்துபோனது.

அதே 1992-இல்தான் கவிஞர் ஆட்ரி லார்ட் புற்றுநோயால் மறைந்தார். 1978-இல் ஒரு முலை நீக்கப்பெற்ற அவர், செயற்கை முலை அணிய மறுத்தார். அணியாமல் மருத்துவரிடம் சென்றபோது, அது அலுவலகத்தின் மனவுறுதியைக் குலைக்கும் என்று செவிலியர் கடிந்துகொண்டதை 1980-இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்துள்ளார். யாருடைய மனவுறுதி என்பதே அவர் எழுப்பும் வினா. 2001-இல் பார்பரா எரன்ரைக் எழுதிய கட்டுரை, நோயாளியைச் சிறுமியாக்கும் கரடிப் பொம்மைகளையும் கட்டாய மகிழ்ச்சியையும் சாடியது. 'வென்றவர்' என்னும் சொல், இறந்தவரைத் தோற்றவராக்கிவிடுகிறது என்பதும் அவர் கருத்து.

தமிழ்ச் சூழலில் இச்சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. பக்தி இலக்கியம் கூச்சமின்றி ஆண்ட 'முலை' இன்று பரப்புரையில் இல்லை. பழந்தமிழில் பெரும்பாலும் ஆண்மகனுக்குரியதாக வழங்கிய 'மார்பு' என்பதன் வழிவந்த 'மார்பகம்' அதன் இடத்தை நிரப்புகிறது. உறுப்பின் பெயரைச் சொல்லத் தயங்கும் மொழி, அவ்வுறுப்பில் கட்டி இருப்பதைச் சொல்லப் பெண்ணை வற்புறுத்துகிறது.

'தொடக்கத்திலேயே கண்டறிக' என்னும் முழக்கம் பொறுப்பு முழுவதையும் பெண்ணின் கையில் வைக்கிறது. காரைக்கால் பெண்ணுக்கோ, தம் ஒன்றியப் பகுதியின் மண்டலப் புற்றுநோய் மையம் அமைந்த புதுச்சேரி ஜிப்மர் ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் உள்ளது. கண்டறிந்த பின்னர் வரும் பயணம், கூலியிழப்பு, துணைக்கு வருபவரின் செலவு ஆகியன முழக்கத்துள் அடங்குவதில்லை.

இவ்விடத்தில் அம்மையாரை நோயாளருக்கு ஆறுதல் உருவமாக்குவது எளிது, ஆயின் பொருந்தாது. அவர் வேண்டிப் பெற்றது பேயுரு. நோயாளி வேண்டாமல் இழந்தது முலை. கண்ணகி திருகி எறிந்ததும் அவள் தன் செயலே. இவ்வேறுபாட்டை மறைத்தால் அம்மையாரும் மற்றொரு கட்டாயப் புன்னகை ஆகிவிடுவார். பதிகம் நோயாளருக்கு வழங்கக்கூடியது வேறொன்று: வற்றிய உடலை வற்றியதாகவே, அழகென்று மாற்றாமல், ஒரு பெண் தன் வாயால் சொல்லும் மொழி.