கருநீர்க் காய்ச்சலும் கஞ்சிப் பானையும்

துக்க வீட்டுக்குப் போகிற கிறிஸ்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: கர்த்தர் கைவிட மாட்டார். கைவிடவில்லை என்றால் இந்தச் சாவு ஏன் வந்தது என்று கேட்பவர் மனம் உடனே குமுறும். அந்தக் குமுறலை மழுப்பாமல் எடுத்துப் பார்க்க நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை ஏற்ற இடம். பைல் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்று 14 நாடுகளாகக் கிடக்கும் இந்த மலைக்கு இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் பேருந்து ஏறுகிறது. நூறாண்டுக்கு முன்போ நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சி, கீழ்நாட்டார் அங்கே இரவு தங்கவே தயங்கினார்கள். அப்படிப்பட்ட மலையில் 1913-இல் கல்யாணமான கையோடு வந்து குடியேறினார்கள் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதி. வாழவந்தியில் வீடு கட்டி, மருந்து கொடுத்து, பள்ளி நடத்தி, தச்சு வேலை பழக்கி 16 ஆண்டுகள் உழைத்தார்கள். 1929 ஜூனில், மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் கருநீர்க் காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொண்டுபோனது. அவருக்கு வயது 44. ஊருக்கெல்லாம் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர் அவர்.

கடவுள் கூட இருப்பது என்றால் கேடு அண்டாது என்று பொருள் கொண்டால், கிறிஸ்தவ விசுவாசம் வாழவந்திக் கல்லறையிலேயே தோற்றுப்போகிறது. ஆனால் பைபிள் அந்தப் பொருளைத் தரவில்லை. பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபு, தன் துன்பத்துக்குக் காரணம் கேட்டுக் கேட்டு ஓய்கிறான். கடைசியில் கடவுள் பேசுகிறார். காரணத்தை மட்டும் சொல்வதில்லை. யோபுவின் நண்பர்கள் அவனுக்குச் செய்த ஒரே நன்மை, முதல் ஏழு நாள் அவனோடு தரையில் வாய் திறவாமல் உட்கார்ந்ததுதான். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகு அவர்கள் அவனுக்குப் பாரமாகிவிட்டார்கள். சங்கீதங்களில் பல புலம்பல்கள். சிலுவையில் இயேசுவே, தான் கைவிடப்பட்டது ஏன் என்று கதறுகிறார். இம்மானுவேல் என்ற பெயருக்கு அர்த்தம் கடவுள் நம்மோடு இருக்கிறார் என்பது. துன்பத்தை அகற்றுவார் என்பது அந்தப் பெயரில் இல்லை.

கூட இருப்பது கண்ணுக்குத் தெரியும்படி எப்படி இருக்கும்? 1918–19-இல் உலகைக் குலுக்கிய விஷக்காய்ச்சல் கொல்லிமலையையும் விடவில்லை. ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் நோயாளியைச் சொந்தக்காரரே நெருங்கவில்லை. மருந்தே இல்லாத அந்த நோய்க்குப் பிராண்ட் தம்பதி செய்தது, கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் புகட்டியதுதான். உடம்பில் நீர் வற்றாமல் காத்ததால் அது வைத்தியமாகவும் ஆயிற்று. பல ஆண்டுகளாக அவர்கள் மதத்தில் ஒருவரும் சேர்ந்திருக்கவில்லை. அவர்களைக் கடுமையாக எதிர்த்தவர் உள்ளூர்ப் பூசாரி. அவரும் மனைவியும் காய்ச்சலில் விழுந்தபோது ஊரார் ஒதுங்கினார்கள், இவர்கள் போய்ப் பார்த்தார்கள். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும் பூசாரி தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அதன் பிறகே மலையில் மனங்கள் திரும்பின.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும், எழ வேண்டும். படுத்துக் கிடப்பவனிடம் போவது மதம் மாற்றும் வழியல்லவா? கஞ்சி குடித்தவனின் நன்றியையும் நம்பிக்கையையும் யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. அந்த ஐயத்தை நான் சில்லறையாக நினைக்கவில்லை. ஆனால் ஆள் சேராத ஆண்டுகளிலும் மருந்து நிற்கவில்லை. ஜெஸ்ஸி நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தார். அதோடு நிற்காமல், கால் நனைத்து இறங்கும் கிணறுகளுக்குச் சுவர் எழுப்பச் சொன்னார். புண்ணுள்ள கால் தண்ணீரில் பட்டால் புழு பரவும் என்பது காரணம். அந்தச் சுவருக்குள் ஊறிய தண்ணீரை எல்லாச் சாமிகளையும் கும்பிட்டவர்கள் குடித்தார்கள். கடவுளை நம்பாதவரும் இதைச் செய்யலாமே என்பார்கள். செய்யலாம், செய்திருக்கிறார்கள். அதனால் விசுவாசியின் கூற்று பொய்யாவதில்லை. கைவிடப்பட்டவன் பக்கத்தில் யார் போய் உட்கார்ந்தாலும் அங்கே கடவுளின் சாயலைக் காண்கிறேன் என்பதே அவன் சொல்வது.

இது வெறும் மனச் சமாதானம் என்பது இன்னொரு வாதம். சமாதானம் ஆளை வீட்டுக்குள் உட்கார வைக்கும். இந்த விசுவாசம் வெளியே துரத்தியிருக்கிறது. 1914-இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட் ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டவர். அப்பா இறந்த தந்தி அவருக்கு முதலில் வந்தது; அப்பா உயிரோடு எழுதிய கடிதங்கள் கப்பலில் பின்னால் வந்துசேர்ந்தன. அந்தப் பையன் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராகத் திரும்பி வந்தார். தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால்தான் காயப்பட்டுச் சிதைகிறது என்று எடுத்துக்காட்டினார். மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். வலியை ஒரு கொடை என்றே எழுதினார். அந்தக் கருத்து உடம்புக்குப் பொருந்தும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அதைக் கொண்டுபோகக் கூடாது. அங்கே யோபுவின் நண்பர்களுடைய முதல் ஏழு நாள்தான் சரி.

ஜெஸ்ஸி ஏன் சாக வேண்டும் என்பதற்கு ஈவ்லினுக்குப் பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை. கணவன் போன பிறகு மிஷன் அவரைச் சமவெளியில் வேலைக்கு வைத்தது. ஓய்வு வயது வந்ததும் ஊருக்குத் திரும்பச் சொன்னார்கள். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த அவர் போகாமல், தன் பொறுப்பில் மறுபடி கொல்லிமலை ஏறினார். பிறகு கல்வராயன் மலை, பச்சைமலை என்று குதிரையில் அலைந்தார். விழுந்து எலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு தொடர்ந்தார். மலைமக்களுக்கு அவர் பிராண்ட் பாட்டி. 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்த அவரை வாழவந்திக்குக் கொண்டுவந்து, ஜெஸ்ஸியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.