மூளை எந்த அடுக்கு?

"அம்மா, மண்ணீரல் எந்த லேயர்?"

இரவு பதினொரு மணி. மறுநாள் இட்லிக்கு அரைத்த மாவை வழித்துக்கொண்டிருந்தேன். (பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள நம் சங்கத்து வீடுகளில் பதினொரு மணி என்பது சாயங்காலம் மாதிரிதான்!) சின்னவள் போன வருடம் நீட் தேர்வில் கொஞ்ச மதிப்பெண்ணில் இடத்தைக் கோட்டை விட்டாள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தப்பானால் இருப்பதிலும் 1 போகும். தில்லியில் கோச்சிங் வகுப்புக்கு இது இரண்டாவது வருடம்.

எக்டோடெர்ம், மீசோடெர்ம், எண்டோடெர்ம் என்று முதலெழுத்துக்களைக் கோத்து ஏதோ மந்திரம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் மறந்து போகிறதாம். நான் மதுரையில் தமிழில் விலங்கியல் படித்தவள். "எழுத்தை விடு. யாருக்கு என்ன வேலை என்று பார்" என்றேன்.

கருவின் மூன்றாவது வாரத்திலேயே இந்த மூன்று அடுக்குகளும் உண்டாகிவிடுகின்றன. கோழிக் கருவில் இதைப் பார்த்து 1817-இல் எழுதியவர் பாண்டர். புற அடுக்கு வாசலில் நின்று வெளியுலகச் செய்தி வாங்குவது: மேல்தோல், முடி, நகம், விழித்திரை, மூளை, தண்டுவடம். அக அடுக்கு உள்ளே வரும் சோற்றையும் காற்றையும் கவனிப்பது: குடல், நுரையீரல் இவற்றின் உள்பூச்சு, கல்லீரல், கணையம். நடு அடுக்கு சுமப்பதும் ஓடுவதும்: எலும்பு, தசை, இதயம், இரத்தம், சிறுநீரகம். மண்ணீரல் இரைப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளை ஏமாற்றும். அதன் வேலை இரத்தத்தோடு. ஆகவே நடு அடுக்கு. அட்ரினல் சுரப்பியோ ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். வெளிப்பகுதி நடு அடுக்கு, உள்பகுதி புற அடுக்கு.

"மண்டைக்குள்ளே இருக்கிற மூளை எப்படிம்மா புற அடுக்கு?"

நல்ல கேள்வி. கருவின் முதுகுப் பக்கம் புற அடுக்கில் ஒரு பட்டை தடித்து, சோமாசி மடிப்பதுபோல் மடிந்து, ஓரங்கள் ஒட்டிக் குழாயாகி உள்ளே இறங்குகிறது. முன்பாகம் மூளை, மீதி தண்டுவடம். சுமார் 28 நாளில் குழாய் மூடிவிடும்.

"ஓரம் ஒட்டலேன்னா?"

1994-இல் என் அண்ணிக்குப் பிறந்த முதல் குழந்தை நினைவுக்கு வந்தது. முதுகு மூடாமல் பிறந்து பதினோரு நாள் இருந்தது. கிரகணத்தன்று அண்ணி வெளியே வந்ததுதான் காரணம் என்று பாட்டி கடைசிவரை சொன்னாள். அண்ணியும் அதை நம்பினாள். ஃபோலிக் அமிலம் இந்தக் குறையை வெகுவாகக் குறைக்கும் (முழுக்கத் தடுக்காது) என்று பிரிட்டன் தலைமையில் நடந்த ஆய்வு 1991-லேயே வெளியாகியிருந்தது. எங்கள் தெருவுக்குச் செய்தி வரவில்லை. அந்த மாத்திரையைக் கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். நாள் தள்ளியது தெரிந்து டாக்டரிடம் போவதற்குள் பல பெண்களுக்குக் குழாய் மூடும் காலம் முடிந்திருக்கும்.

மாவுக் கையைக் கழுவிவிட்டுப் புனேயில் இருக்கும் மூத்தவளுக்குப் போன் போட்டேன். கல்யாணமாகி நான்கு மாதம்.

"என்னம்மா இந்த நேரத்துல? அப்பாவுக்கு ஏதாவது...?"

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"டாக்டர் எழுதிக் குடுத்து ஒரு மாசமா சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன்மா. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பேசாம இருந்தேன்."