பீரோ மேல் கிடக்கும் லேப்டாப்பை இறக்குங்க! காசும் ஆபத்தும் இல்லாத கணினி விளையாட்டுகள்

பெரியபட்டினத்தில் பிளஸ் டூ முடித்த அக்காவோ அண்ணனோ இருக்கும் வீடா உங்களுடையது? அப்படியென்றால் பீரோ மேலேயோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு அரசு லேப்டாப் தூசி படிந்து கிடக்க வாய்ப்பு அதிகம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. "ரொம்ப ஸ்லோ, ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது" என்று ஓரம் கட்டியிருப்பீர்கள். தம்பி, தங்கைகள் இப்போது அம்மாவின் செல்போனில் கேம் ஆடுகிறார்கள். அதே போனில்தான் வங்கிக் கணக்கு, யுபிஐ, வளைகுடாவிலிருந்து அத்தா பணம் அனுப்பியதும் வரும் குறுஞ்செய்தி எல்லாம் இருக்கிறது.

சிக்கல் அங்கேதான். "ஃப்ரீ கேம்" என்று தேடினால் பெரிய பச்சை பட்டனோடு பல தளங்கள் வரும். அவற்றில் பலவற்றில் கிடைப்பது, விலைக்கு விற்கும் விளையாட்டின் பூட்டை உடைத்த 'கிராக்' பதிப்பு. கூடவே வைரஸும் வரலாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஏபிகே கோப்புகள் இன்னும் மோசம். நிறுவும்போதே எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் உங்கள் ஓடிபி வேறு யாருக்கோ போகும். கார் ஓட்டும் விளையாட்டுக்கு உங்கள் எஸ்எம்எஸ் எதற்குங்க? பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளின் பக்கமே போக வேண்டாம். தமிழ்நாட்டில் 2022-இல் இதற்கெனச் சட்டம் நிறைவேறியது. 2025 ஆகஸ்டில் நாடு முழுமைக்கும் தடைச் சட்டம் வந்தது.

அப்போ பிள்ளைகள் விளையாடவே கூடாதா? தாராளமாக விளையாடலாம். 'கட்டற்ற மென்பொருள்' என்று ஒரு வகை இருக்கிறது. இது விளம்பரம் காட்டிப் பிழைக்கும் இலவசம் இல்லை. உருவாக்கியவர்களே "எடுத்துக்கொள், பயன்படுத்து, மாற்று, மற்றவருக்கும் கொடு" என்று உரிமம் எழுதித் தந்தது. ஒரு வீட்டில் இறக்கியதைப் பென்டிரைவில் போட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தாலும் அது திருட்டு ஆகாது. டேட்டா தீர்ந்துபோகும் வீடுகளுக்கு இது பெரிய வசதி.

முதலில் லேப்டாப்பை எழுப்புவோம்

அந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். சென்னை சி-டாக் மையத்தில் உருவான இயங்குதளம் அது. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் வருமே, நம்மில் பலர் அந்த இன்னொரு பெயரைத் தொட்டதே இல்லை! பழைய விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு மேம்பாடுகள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. அதில் இணையத்துக்குப் போவது கதவைத் திறந்து போட்டுத் தூங்குவது மாதிரி. எனவே புதிய லினக்ஸ் பதிப்பு ஒன்றைப் போடுவதே நல்லது.

2 ஜிபி ராம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பு ஓடும். 4 ஜிபி இருந்தால் நன்றாகவே ஓடும். அதன் தளத்திலிருந்து கோப்பை இறக்கி, 'எட்சர்' என்ற இலவச மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்ற வேண்டும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம். லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்12-ஐத் தட்டினால் (சில மாடல்களில் எஃப்2 அல்லது எஸ்கேப்) பென்டிரைவிலிருந்தே தொடங்கலாம். எதையும் நிறுவாமல் ஓட்டிப் பார்க்க முடியும். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் நிறுவுங்கள். அதற்கு முன் அக்காவின் காலேஜ் போட்டோக்களை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். இதை மறந்தால் வீட்டில் பெரிய சண்டை நிச்சயம்.

விளையாட்டுக்கு எங்கே போவது?

மின்ட்டிலேயே 'சாஃப்ட்வேர் மேனேஜர்' இருக்கிறது. பெயரைத் தட்டி அங்கேயே நிறுவலாம். கூகுளில் தேடவே தேவையில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு 'ஜிகாம்ப்ரி'. எண், எழுத்து, நினைவாற்றல், சதுரங்கம் என நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள். பிரெஞ்சு மொழியில் "எனக்குப் புரிந்துவிட்டது" என்று சொல்வதை வைத்து வந்த பெயர் அது. படம் வரைய 'டக்ஸ் பெயின்ட்'. கார் பந்தயம் வேண்டுமா, 'சூப்பர்டக்ஸ்கார்ட்'; நெட் இல்லாமலும் ஓடும், பழைய லேப்டாப் என்றால் கிராபிக்ஸ் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். யோசித்து ஆடுபவர்களுக்கு 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்'. 'ஜீரோ ஏ.டி.' என்ற போர் விளையாட்டில் மௌரியர் படையே இருக்கிறது. ஆனால் அது புதிய கணினிக்குத்தான் சரிப்படும்.

போனில்தான் ஆடுவேன் என்று அடம்பிடித்தால் 'எஃப்-டிராய்ட்' இருக்கிறது, கட்டற்ற செயலிகள் மட்டுமே உள்ள கடை. அதை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தெரிந்தவர் அனுப்பினார் என்பதற்காக வாட்ஸ்அப்பில் வந்ததை நிறுவ வேண்டாம்.

விளையாடியே சலித்த பிள்ளைக்குச் சொந்தமாக ஒன்று செய்யத் தோன்றும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான 'ஸ்க்ராட்ச்' பிரவுசரிலேயே ஓடும். கட்டைகளை அடுக்குவதுபோல் கட்டளைகளை அடுக்கினால் போதும். தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' என்ற மொழி இருக்கிறது. அதில் திரையில் எழுத்தைக் காட்டும் கட்டளையின் பெயர் 'பதிப்பி'. லினக்ஸ், பைத்தான், லிபர்ஆபிஸ் போன்றவற்றைத் தமிழ்க் குரலில் கற்க மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' காணொலிகள் உள்ளன. வாசிக்க விரும்புபவர்களுக்கு 2012 முதல் வரும் 'கணியம்' மின்னிதழ். தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் எழுத்துருக்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசம்.

முதல் கேம் எதைப் பற்றி என்று தெரியவில்லையா? பக்கத்தில்தானே மன்னார் வளைகுடா. வலையில் சிக்காமல் ஒரு கடற்பசுவை நீந்தவைத்துப் பாருங்கள். ஸ்க்ராட்சில் அதற்குக் கடற்பசு, வலை, கடல் என்று மூன்று படம் போதும்.